நடனக் குழுவுக்கு முதல்முறையாக இசை: ஒத்திகைக்குள் போய் உட்காரலாமா?

சுருதிப்பெட்டி

வணக்கம். நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் இசை செய்து பழகியவன் நான். முதல்முறையாக ஒரு தற்கால நடனக் குழுவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஐம்பது நிமிடப் படைப்பு, ஆறு டான்சர்கள். முதல் நிகழ்ச்சிக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.

நான் சேர்வதற்கு முன்பே அவர்கள் நான்கு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டார்கள். அதற்கு வேறொருவருடைய இசையைத் தற்காலிகமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'இந்த மாதிரி வேண்டாம், உங்கள் மாதிரி செய்யுங்கள்' என்றுதான் கோரியோகிராஃபர், அதாவது நடனத்தை அமைக்கிறவர், சொன்னார். முதல் பகுதிக்குப் பதினொரு நிமிடம் செய்து அனுப்பினேன். 'நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது' என்று பதில் வந்தது. என்ன குறைகிறது என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. திருத்தி அனுப்பினேன். அதே பதில்.

ஒத்திகையில் வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். தயங்குகிறார். 'அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், புது ஆள் இருந்தால் சுருங்கிப்போவார்கள்' என்கிறார். அதற்குப் பதிலாக வீடியோ அனுப்புகிறார். மூலையில் வைத்த போனில் எடுத்தது. கால் தெரிந்தால் தலை தெரியாது.

இது இப்படித்தான் நடக்குமா? நடனக் குழுக்களில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். சண்டை போட எனக்கு விருப்பமில்லை. பார்த்த வரைக்கும் அந்தப் படைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெறுங்கால்

போய் உட்காருங்கள். முதல் நாள் லேப்டாப் வேண்டாம், ஹெட்போன் வேண்டாம். தரையில், சுவரோரம் உட்காருங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தேர்வு நடத்த வந்தவர் போல ஆகிவிடும்.

நான் டான்சர். பதினொரு வருடமாக ஆடுகிறேன். அந்த 'ஏதோ குறைகிறது' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தற்காலிக இசையை நான்கு வாரம் கேட்டு ஆடினால் அது உடம்புக்குள் போய்விடும். ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் ஓடிவந்து எகிற வேண்டும், என் ஜோடி என்னைத் தோளில் வாங்க வேண்டும். ஒத்திகைப் பாட்டில் அந்த இடத்தில் ஒரு பேஸ், கனத்த கீழ்ச்சுருதி ஒலி, உள்ளே வரும். யாரும் முடிவு செய்யவில்லை, ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அந்த பேஸைக் கேட்டுத்தான் கிளம்பிக்கொண்டிருந்தோம். புது இசை வந்தது. அந்த பேஸ் இல்லை. எகிறுவதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தோம். அரை நொடிப் பார்வைதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த இடத்தில் ஏதோ தளர்ந்துபோனது தெரியும். இசைதான் சரியில்லை என்று அவருக்குத் தோன்றும்.

அதனால் டான்சர்களிடம் 'இசை பிடித்திருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'எந்தெந்த இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்' என்று கேளுங்கள். ஐந்தாறு இடம் சொல்வார்கள். அந்த இடங்களில் ஏதாவது ஒரு பிடிமானம் கொடுங்கள். மற்ற இடமெல்லாம் உங்களுடையது.

இன்னொன்று, எங்கள் எட்டும் உங்கள் எட்டும் ஒன்றில்லை. நாங்கள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது பெரும்பாலும் உடம்பின் வேலையை வைத்து. 'ஏழு'க்கு நான் தரையில் உருண்டுகொண்டிருந்தால் என் ஏழு நீளமாகத்தான் இருக்கும். நீங்கள் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியைப் பார்த்து நாங்கள் தப்பாக எண்ணுகிறோம் என்று நினைக்காதீர்கள்.

கடைசிவரிசை

நான் கலைஞன் இல்லை, இருபது வருடமாகப் பார்க்கிறவன், படிக்கிறவன். எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை சொல்கிறேன். 'ஒத்திகைக்கு வராதீர்கள்' என்று சொல்கிற கோரியோகிராஃபர் தவறானவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அமெரிக்க கோரியோகிராஃபர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1953-இல் பிளாக் மவுண்டன் கல்லூரியில் தன் குழுவைத் தொடங்கினார். இசையமைப்பாளர் ஜான் கேஜ் இசைப் பொறுப்பு, கொஞ்ச நாளில் ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் மேடைக்கும் உடைக்கும் வந்தார். நடனம் தனியாக, இசை தனியாக, மேடை தனியாக உருவாகும். எத்தனை நிமிடம் என்பது மட்டும்தான் பொதுவில் பேசிவைத்தது. பல படைப்புகளில் டான்சர்கள் அந்த இசையை முதலில் கேட்டதே மேடையில்தான். 1968-இல் 'ரெய்ன்ஃபாரஸ்ட்'. அதற்கு ஆண்டி வார்ஹோலின் ஹீலியம் நிரப்பிய வெள்ளித் தலையணைகள் மேடையில் மிதந்தன. டான்சர் கை வீசினால் தலையணை நகரும், நகர்ந்து இன்னொருவர் வழியில் வந்து நிற்கும். அதையெல்லாம் யாரும் ஒத்திகை பார்த்துத் தீர்மானிக்க முடியாது. 2003-இல் 'ஸ்ப்ளிட் சைட்ஸ்' படைப்பில் ரேடியோஹெட், சிகுர் ரோஸ் என்று இரண்டு குழுக்களின் இசை. நடனம், இசை, மேடை, உடை, ஒளி ஐந்துக்கும் இரண்டிரண்டு வடிவம், எது முதலில் வரும் என்பதை அன்றன்று பகடை போட்டு முடிவு செய்தார்கள். மொத்தம் 32 சேர்க்கை.

ஆக, விலகி இருந்துகொண்டே சேர்ந்து வேலை செய்வதும் ஒரு மரபுதான்.

மூன்றாம்மணி

கடைசிவரிசை சொன்ன தகவலில் தவறு இல்லை. ஆனால் இந்த உதாரணத்தை வைத்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் ஒத்திகை இயக்குநர், மேடை மேலாளர் இரண்டு வேலையும் பார்த்தவன். பேசிக்கொள்ளாமல் விட்ட குழுக்கள் எல்லாம் கடைசி வாரத்தில் கன்னிங்ஹாமைத்தான் துணைக்குக் கூப்பிட்டன.

அவரும் கேஜும் அறிமுகமானது 1930-களின் கடைசியில். 1992-இல் கேஜ் இறக்கும் வரை சேர்ந்தே இருந்தார்கள். அவ்வளவு வருடம் பேசிய இரண்டு பேர், 'இனி பேசாமல் செய்வோம்' என்று பேசி முடிவெடுத்தார்கள். அதைவிட முக்கியம், அவருடைய டான்சர்கள் மௌனத்தில் ஆடிப் பழகியவர்கள். ஸ்டாப்வாட்சை வைத்துத்தான் ஒத்திகை. நேரம் அவர்கள் உடம்பிலேயே இருந்தது. எந்த இசை வந்து விழுந்தாலும் ஆட்டம் குலையாமல் நிற்கும்.

சுருதிப்பெட்டி, உங்கள் குழுவில் நடப்பது அதுவா? இல்லை. நான்கு வாரமாக ஒரு தாளத்தின் மேல் சாய்ந்து ஆடிவிட்டு, சாய்ந்த சுவரை மட்டும் எடுத்துவிட்டு வேறு சுவர் வைக்கச் சொல்கிறார்கள். தனித்தனியாக உருவாக்குவது என்றால் முதல் நாளிலிருந்து மௌனத்தில் ஒத்திகை. இசையின் மேல் ஆடுவது என்றால் முதல் நாளிலிருந்து இசையமைப்பாளர் அறைக்குள். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றால் அடி இசையமைப்பாளர் தலையில்தான் விழும்.

கோரியோகிராஃபரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரு முழு நாள் பாட்டே இல்லாமல் ஓட்டிப் பார்க்க முடியுமா என்று.

நூலும்ஊசியும்

இசையோடு நிறுத்திவிட்டீர்கள். உடைக்கும் இதே கதைதான் என்பதால் எழுதுகிறேன்.

தொடக்க காலத்தில் ஒரு குழுவுக்கு உடை செய்தேன். பெயர் வேண்டாம். முதல் வாரத்தில் அளவு எடுத்தேன், படம் வரைந்து காட்டினேன், எல்லோருக்கும் பிடித்தது. துணி வந்து, தைத்து, நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது பகுதியில் நான்கு பேர் ஓடிவந்து முட்டி போட்டுத் தரையில் சறுக்குவார்கள். ஒத்திகையில் வழுவழுப்பான டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு இரண்டு மீட்டர் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தைத்தது தடித்த பருத்தி. வினைல் தரையில் பருத்தி பிடித்துக்கொண்டது. முதல் ஆள் முட்டி நின்ற இடத்திலேயே நின்றது, உடம்பு மட்டும் முன்னால் போனது. அடி பெரிதாக இல்லை. ஆனால் அந்தச் சறுக்கல் படைப்பிலிருந்தே போய்விட்டது. அதை ஒரு பெண் ஆறு வாரம் முயன்று கண்டுபிடித்திருந்தாள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து மூன்றாவது வாரத்திலேயே ஒத்திகை உடை என்று ஒன்று கொடுத்துவிடுவேன். அழகாக இருக்காது. ஆனால் அதே துணி, அதே எடை, அதே நீளம். பாவாடை சுழன்று நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது ஆடுகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வியர்வையில் நனைந்தால் எங்கே ஒட்டுகிறது என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

1917-இல் பாரிஸில் 'பராட்'. பிக்காசோ உடை, எரிக் சாட்டி இசை, மஸ்ஸீன் நடனம். அதில் சில பாத்திரங்களுக்கு அட்டையில் ஆளைவிட உயரமான கட்டடம் மாதிரி உடை. உள்ளே இருந்தவரால் நடந்து காலை உதைப்பதைத் தவிர அதிகம் செய்ய முடியாது. அந்தத் தடையையே ஆட்டமாக்கினார்கள். ஜெர்மன் கோரியோகிராஃபர் பீனா பௌஷ் 1975-இல் செய்த 'வசந்தத்தின் சடங்கு' இன்னும் நெருக்கமான உதாரணம். மேடை முழுக்க மண் பரப்பினார் ரோல்ஃப் போர்சிக். டான்சர்கள் அந்த மண்ணில் கால் புதைய ஆட வேண்டும். மெல்லிய உடையில் மண் ஒட்டும், உடம்பில் ஒட்டும், மூச்சு வாங்கும். அந்தக் களைப்பு நடிப்பு இல்லை. மேடை அமைத்தவர்தான் அதைக் கொடுத்தார்.

மண்ணையும் துணியையும் கடைசி வாரத்தில் கொண்டுவந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

அடவுக்கு அப்பால்

நான் கோரியோகிராஃபர். சின்னக் குழு. எல்லோரும் எங்கள் தரப்பை ஒரு வாட்டி கேளுங்கள்.

ஒத்திகை அறையை மூடிவைப்பது திமிரால் இல்லை. நான் டான்சர்களிடம் கேள்வி கேட்டு வேலை செய்கிறவன். பௌஷ் பழக்கிவிட்ட வழி இது, இன்று பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். 'நீ கடைசியாக யாரிடம் கை நீட்டி எதையாவது கேட்டாய்' என்று கேட்பேன். ஒருவர் பேசுவார், ஒருவர் ஒரு அசைவு செய்வார், ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நூறு பதிலில் தொண்ணூறு வெளியே போகும். ஆனால் அந்தத் தொண்ணூறையும் அவர்கள் தயங்காமல் கொடுத்தால்தான் மிச்சம் பத்து கிடைக்கும். இரண்டாவது வாரத்தில் வெளியிலிருந்து வந்த ஒருவர், மிகவும் நல்லவர், 'அந்தக் கை நீட்டுகிற இடம் பிரமாதம்' என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஆறு பேரும் கை நீட்டினார்கள். அந்த வாரமே வீணாயிற்று.

தற்காலிக இசை விஷயத்தில் மூன்றாம்மணி சொல்வது சரி. நானும் அதைச் செய்திருக்கிறேன். அறை சோர்ந்துபோகும்போது ஏதாவது பாட்டைப் போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அந்த வசதிக்காகச் செய்வது. அப்புறம் அதிலிருந்து வெளியே வர முடியாது.

ஆனால் கூட்டுப்பணி என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் முடிவு செய்வது என்று நினைக்காதீர்கள். யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் 'கிராண்ட் யூனியன்' என்று ஒரு நடனக் குழு இருந்தது. இவோன் ரெய்னர், த்ரிஷா பிரவுன், ஸ்டீவ் பாக்ஸ்டன், டேவிட் கார்டன் மாதிரி ஆட்கள். தலைவர் கிடையாது, முன்கூட்டி அமைத்த ஆட்டமும் கிடையாது, மேடையிலேயே உருவாக்குவார்கள். 1970-இல் தொடங்கி 1976-இல் கலைந்தது. அவ்வளவு திறமை இருந்தும் ஆறு வருடம்தான் தாங்கியது. எனக்கு அந்தக் குழுவின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் என்னால் அப்படி வேலை செய்ய முடியாது.

வெறுங்கால்

அடவுக்கு அப்பால், நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு இடம் இடிக்கிறது. தொண்ணூறு வெளியே போகிறது, பத்து மேடைக்கு வருகிறது. அந்தப் பத்து யாருடையது?

முன்பு நான் இருந்த குழுவில், விழுவதைப் பற்றி இரண்டு நிமிடம் செய்து காட்டு என்றார்கள். இடுப்பில் எனக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. அதனால் இடப்பக்கம் விழ முடியாது; விழப்போய் வலப்பக்கம் சுழன்று, ஒரு கையை மட்டும் ஊன்றி நிற்பேன். அந்தக் காயம் இல்லாமல் அந்த அசைவே இல்லை. அது அந்தப் படைப்பில் வைக்கப்பட்டது, சுவரொட்டியில் படமாகவும் வந்தது. இரண்டு வருடம் கழித்து நான் விலகினேன். எனக்குப் பதில் வந்த பெண்ணுக்கு வீடியோவைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் பிறகு என்னிடம் கேட்டாள், 'அக்கா, இங்கே ஏன் வலப்பக்கம் திரும்புகிறோம்? யாருக்கும் தெரியவில்லை' என்று. நிகழ்ச்சித் தாளில் என் பெயர் எங்கும் இல்லை. பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. அந்த அசைவுக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்துக்கு ஒரு ஆள் இருந்தாள் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடவுக்கு அப்பால்

எழுதப்பட்டிருக்க வேண்டும், மறுக்கவில்லை. என் குழுவில் எழுதுகிறேன். ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் இரண்டு நிமிடத்தை எதற்குப் பிறகு வைப்பது, எதை வெட்டுவது, அப்போது மற்ற ஐந்து பேர் எங்கே நிற்பது, அதுவும் ஒரு ஆக்கம்தான். கல் உங்களுடையது, சுவர் என்னுடையது.

வெறுங்கால்

சரி. அப்படியானால் இரண்டு பெயர் போடுங்கள். கல்லுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. 'நடன அமைப்பு: இன்னார், டான்சர்களுடன் இணைந்து' என்று போட்டு, அதன் கீழே ஆறு பேரின் பெயர். பல குழுக்கள் இன்று அப்படித்தான் போடுகின்றன. ஒரு வரி கூடுதலாக அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடவுக்கு அப்பால்

இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மூன்றாம்மணி

பெயர் போடுவதோடு முடிவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அமெரிக்க கோரியோகிராஃபர் மார்த்தா கிரஹாம் 1991-இல் இறந்தார். அவருடைய நடனங்கள் யாருக்குச் சொந்தம் என்று அவர் சொத்துக்கு வாரிசானவருக்கும் அவர் நிறுவிய மையத்துக்கும் வழக்கு. 2002-இல் நியூயார்க்கில் வந்த தீர்ப்பு, பெரும்பாலான படைப்புகள் மையத்துக்கே என்றது. முக்கிய காரணம், அவற்றில் பலவற்றை அவர் அந்த மையத்தின் சம்பளம் பெறும் ஊழியராக இருந்து உருவாக்கினார் என்பது. கிரஹாமுக்கே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. எழுதிவைக்கவில்லை, அதுதான் சங்கதி.

சுருதிப்பெட்டி, உங்கள் ஒப்பந்தத்தில் இசை முடிக்க வேண்டிய தேதி கட்டாயம் இருக்கும். அதற்குப் பிறகு ஆட்டம் மாறினால் இசையை யார் வெட்டுவது, உங்களைக் கேட்காமல் வெட்டலாமா, வேறு மேடையில் மறுபடி போட்டால் என்ன, ஒத்திகையில் எத்தனை நாள் நீங்கள் இருக்கலாம், இதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பாக இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.

பக்கவெளிச்சம்

தாமதமாக வருகிறேன். லைட்டிங் ஆள் எப்போதுமே கடைசியில்தான் வருவான், அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

டான்சர்களுக்கு மூன்று மாதம் கிடைக்கிறது. இசைக்கு இரண்டு மாதம். எனக்கு அரங்கத்தில் இரண்டு நாள், சில சமயம் ஒன்றரை. அந்த ஒன்றரை நாளில் விளக்கு தொங்கவிட்டு, திசை திருப்பி, எப்போது எந்த வெளிச்சம் மாற வேண்டும் என்கிற கியூ எல்லாம் பதிந்து, டான்சர்களை வைத்து ஒரு முறை ஓட்ட வேண்டும்.

நாடகத்துக்கு முகம் முக்கியம், முன்னாலிருந்து வெளிச்சம் வரும். நடனத்துக்கு உடம்பின் கனம் தெரிய வேண்டும். முன்வெளிச்சம் உடம்பைத் தட்டையாக்கிவிடும். அதனால் பக்கவாட்டில் கம்பம் நட்டு, கணுக்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று என்று விளக்கு வைப்போம். அதில்தான் முதுகின் வளைவும் தசையும் எழுந்து தெரியும். ஆனால் ஒரு டான்சர் இன்னொருவருக்கும் விளக்குக்கும் நடுவில் வந்துவிட்டால் பின்னால் இருப்பவர் இருட்டில் போய்விடுவார். ஆகவே யார் எந்தப் பாதையில் போகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரிய வேண்டும். வீடியோவில் அது தெரியாது. அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ரஸ்ஸல் மாலிஃபண்ட் என்ற கோரியோகிராஃபரும் மைக்கேல் ஹல்ஸ் என்ற ஒளியமைப்பாளரும் 1990-களிலிருந்து சேர்ந்து வேலை செய்தவர்கள். அவர்கள் படைப்புகளைப் பார்த்தால் உடம்பு வெளிச்சத்துக்காக நகர்கிறதா, வெளிச்சம் உடம்புக்காக நகர்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைசி இரண்டு நாளில் வந்து அப்படிச் செய்ய யாராலும் முடியாது. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமானால் சென்னை கோரியோகிராஃபர் சந்திரலேகாவும் அவருக்கு ஒளி அமைத்த சதானந்த் மேனனும். அந்த ஒளி பிற்பாடு பூசிய சாயமாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இசையமைப்பாளருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் இசையில் எங்கே மௌனம் வருகிறது, எத்தனை நொடி என்று எழுதிக் கொடுங்கள். சத்தம் நிற்கிற இடத்தில் வெளிச்சம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எனக்கு மிகக் கஷ்டமான கேள்வி. அதை அரங்கத்தில் நடக்கிற டெக் ரிஹர்சலில் (ஒளி, ஒலி ஒத்திகையில்) முதன்முதலாகத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

கடைசிவரிசை

சந்திரலேகா பெயர் வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். 2001-இல் வந்த 'சரீரா'வில் குண்டேச்சா சகோதரர்கள் துருபத் என்ற பழைய இந்துஸ்தானி இசைவகையைப் பாடினார்கள். ஆலாபனையின் மெதுவான வேகமும் உடம்பின் மெதுவான வேகமும் ஒரே மூச்சாக இருக்கும். ஒன்று மற்றொன்றைப் பின்தொடர்வதாகவே தெரியாது. மூன்றாம்மணி என்னைத் திருத்தியது சரிதான். பேசாமல் செய்வதற்கும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

கிரஹாம் பற்றிப் பேசியதால் இதுவும்: 1944-இல் அவருக்காக இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் எழுதிய இசைக்கு கோப்லாண்ட் வைத்த பெயர் 'மார்த்தாவுக்காக ஒரு பாலே' என்பதுதான். கிரஹாம் கொடுத்த கதைக்குறிப்பை வைத்து எழுதினார். 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' என்ற தலைப்பைப் பிற்பாடு கிரஹாம்தான் வைத்தார். பதின்மூன்று வாத்தியம் மட்டும் வைத்ததற்குக் காரணம் அது முதலில் ஆடப்பட்ட அரங்கில் இடம் அவ்வளவுதான். சின்ன இடம், தபாலில் வந்த குறிப்பு, இவ்வளவுக்கும் நடுவில் அப்படி ஒரு இசை வந்தது. அதனால் மனம் தளராதீர்கள்.

சுருதிப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. ஒத்திகைக்குப் போய்வந்தேன்.

கோரியோகிராஃபரிடம் இந்த இழையைக் காட்டவில்லை. 'கருத்தே சொல்லமாட்டேன், மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்' என்று மட்டும் சொன்னேன். ஒப்புக்கொண்டார். சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். முதல் நாள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு டான்சர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

போன் வீடியோவில் கேட்காத ஒன்றை அங்கே கேட்டேன். முதல் பகுதியின் நான்காவது நிமிடத்தில் ஆறு பேரும் ஓடி நின்றுவிடுகிறார்கள். அசைவில்லை. ஆனால் ஆறு பேருக்கும் மூச்சு வாங்குகிறது, ஆறும் ஆறு வேகத்தில். கொஞ்சம் கொஞ்சமாக அவை ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் ஒரே மூச்சாகிற நேரத்தில் ஒரு பெண் முதல் அடி எடுத்து வைக்கிறாள். இசையெல்லாம் அங்கேயே இருந்தது. ஒத்திகைப் பாட்டில் அந்த இடம் தற்செயலாகக் காலியாக இருந்திருக்கிறது. நான் அங்கே அழகாக ஒரு வயலின் பரப்பைப் போட்டு அந்த மூச்சை மூடியிருந்தேன். குறைகிறது என்று அவர் சொன்னதற்கு நான் திரும்பத் திரும்ப எதையோ கூட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்று இரவே அதை எடுத்துவிட்டேன்.

மூன்றாம்மணி சொன்னபடி ஒரு நாள் மௌனத்தில் ஓட்டிப் பார்த்தோம். மேடையைக் குறுக்கே கடக்கிற இடம் பாட்டோடு 36 நொடி, மௌனத்தில் 43 நொடி. அவர்கள் உடம்பு கேட்டது 43. கோரியோகிராஃபரே ஆச்சரியப்பட்டார். அந்த ஒத்திகைப் பாட்டை இனி போடுவதில்லை என்று அவராகவே சொன்னார்.

வெறுங்கால்

அந்த மூச்சு இடத்தை எழுதியதற்கு நன்றி. இதைக் கவனித்துச் சொன்ன இசையமைப்பாளர் என் அனுபவத்தில் இரண்டு பேர்தான்.

நூலும்ஊசியும்

உடை செய்கிறவரிடமும் அந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள். மார்பை இறுக்குகிற துணியைத் தைத்துவிட்டால் மூச்சு வெளியே தெரியாது.

சுருதிப்பெட்டி

சொன்னேன். அவர் அதுவரை அறைக்குள் வரவே இல்லை. இப்போது வாரம் ஒருநாள் வருகிறார். மேல்சட்டையின் முதுகுப் பக்கத்தை மெல்லிய துணிக்கு மாற்றியிருக்கிறார். பின்னால் திரும்பி நிற்பவர்களின் முதுகு ஏறி இறங்குவது தெரிகிறது.

ஐந்து வாரம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு கஷ்டம். முதல் அடி எடுத்து வைக்கிற அந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கி ஆட முடியாமல் போயிற்று. மாற்று டான்சர் வந்தார். வெறுங்கால் எழுதியது மனதில் இருந்ததால் வீடியோவை வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டேன். காயம்பட்டவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் தன் பகுதியைத் தானே சொல்லிக் கொடுத்தார். எங்கே திரும்ப வேண்டும் என்பதோடு ஏன் திரும்புகிறோம் என்பதையும் சொன்னார். புதியவர் உயரமானவர், அவருடைய அடி நீளம். ஓட்டம் 5 நொடி குறைந்தது. அதற்கேற்ப நானும் வெட்டினேன்.

முடிவுப் பகுதியில் எனக்கும் கோரியோகிராஃபருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அவருக்குக் கடைசியில் ஒரு தாள அடி வேண்டும், எனக்கு இசை தேய்ந்து போக வேண்டும். அவர் சொன்னபடியே செய்து கொடுத்துவிட்டேன், முடிவு அவருடையது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆனாலும் என் வடிவத்தையும் ஒரு தடவை மேடையில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நிகழ்ச்சித் தாள் பிழைதிருத்தத்துக்கு வந்தது. நடன அமைப்பின் கீழே ஏழு டான்சர்களின் பெயர் இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவருடையதையும் சேர்த்து.

நாளை மறுநாள் அரங்கத்துக்குள் நுழைகிறோம். இசையின் கடைசி வடிவத்தை ஒளியமைப்பாளருக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். நான்காவது நிமிட மௌனம் 22 நொடி, புது டான்சரின் மூச்சைப் பொறுத்து 3 நொடி கூடலாம் என்று குறித்து.

பக்கவெளிச்சம்

அந்த 3 நொடிக்குத் தானாக ஓடுகிற கியூ வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மேடை மேலாளர் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துச் சொல்லட்டும்.

சுருதிப்பெட்டி

இப்போதே அழைத்துச் சொல்லிவிடுகிறேன்.